தைப்பூசத்துக்கு முன் ரேடியேட்டர் காத்தாடியைப் பாருங்கள்

மழை ஓய்ந்து வெயில் ஏறத் தொடங்கிவிட்டது, தைப்பூசம் நெருங்குகிறது. கோல சிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் வட்டாரத் தோட்டங்களில் பழைய புரோட்டோன் சாகா, ஈஸ்வரா, கஞ்சில், டட்சன் 120ஒய் வைத்திருப்பவர்கள், குடும்பத்தைப் பத்துமலைக்கு ஏற்றிக்கொண்டு போகுமுன் இந்த வாரமே ரேடியேட்டர் காத்தாடியையும் அதன் வயரையும் பார்த்துவிடுங்கள். பூசத்துக்கு முந்தின நாள் போர்மேனைத் தேடினால் பட்டறை மூடியிருக்கும்.

ஈஜோக்கில் லாத்தார் நெடுஞ்சாலை ஏறி டெம்ப்ளர் பார்க் வரை போகும்போது சூட்டு முள் அசையாது. ஓட்டத்தில் வரும் காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும். செலாயாங் பக்கம் வண்டிகள் ஊர்ந்து ஊர்ந்து நிற்கும்போதுதான் முள் ஏறும். அங்கே காற்றுக்குக் காத்தாடியை விட்டால் வேறு வழியில்லை. தோட்டத்துச் சாலையில் வருஷம் முழுக்க ஒழுங்காக ஓடிய கார் பூச நெரிசலில் ஆவி கக்கி நிற்பது இதனால்தான். பால்குடத்துக்கு விரதம் இருந்த அம்மாவையும் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு ரோட்டோரம் தவிக்கும் நிலை யாருக்கும் வரக்கூடாது.

முதலில் ஒரு சோதனை. வாசலிலேயே இன்ஜினை ஓடவிட்டு, ஏர்கோனை அணைத்துவிட்டு, முள்ளைக் கவனியுங்கள். முள் நடுவை எட்டிக் கொஞ்சம் தாண்டுவதற்குள் காத்தாடி தானாகச் சுழல வேண்டும்; சற்று நேரத்தில் தானாக நிற்கவும் வேண்டும். சுழலும்போது முன் கிரில்லில் ஒரு தாளைப் பிடியுங்கள். தாள் கிரில்லோடு ஒட்டிக்கொண்டால் சரி. விலகிப் பறந்தால் மோட்டாரின் இரண்டு வயரும் மாறியிருக்கிறது, காற்று எதிர்ப்பக்கம் போகிறது என்று பொருள். பழைய மோட்டாரை மாற்றிய கார்களில் இந்தத் தவறு நடக்கிறது. காத்தாடி சுழல்வதால் யாருக்கும் சந்தேகமும் வராது.

காத்தாடி சுழலவே இல்லையா? இன்ஜினை நிறுத்திவிட்டு, ரேடியேட்டரில் இருக்கும் சூட்டு சுவிட்சின் பிளக்கைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, அதன் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்துப் பாருங்கள். காத்தாடி ஓடினால் சுவிட்ச்தான் செத்திருக்கிறது. ஓடாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்று வரிசையாகத் தேடுங்கள். கையை இறக்கைக்கு அருகே கொண்டுபோகாதீர்கள். சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் அது திடீரென்று சுழலும்.

120ஒய், பழைய கொரோலா போன்ற கார்களில் காத்தாடி முதலில் பெல்ட்டில் ஓடியது. அதைக் கழற்றிவிட்டு, ஹாஃப்-கட் கடையில் வாங்கிய மின்காத்தாடியை மாட்டியவர்கள் நம் பக்கம் நிறைய. மாட்டியதில் தப்பில்லை. டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு சுவிட்ச் வைத்து, மெல்லிய வயரில் நேராக மோட்டாருக்கு இழுத்திருப்பதுதான் ஆபத்து. 120 வாட் மோட்டார் 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும். கிளம்பும் கணத்தில் அதைப்போல் பல மடங்கு. அந்தச் சுவிட்ச் உருகும், வயர் சூடாகும். போதாததற்கு, நெரிசலில் அதைப் போட ஓட்டுநர் மறந்தும்போவார்.

இதற்கு ஒரு 30 ஆம்பியர் ரிலே போதும். வேலை தொடங்குமுன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். ரிலேயின் அடியில் 30, 85, 86, 87 என்று எண் போட்டிருக்கும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து 20 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 30-க்கு வயர் வரட்டும். 87-இலிருந்து மோட்டாருக்குப் போகட்டும். சாவி போட்டால் மின்சாரம் வரும் மெல்லிய வயர் 86-க்கு. 85-இலிருந்து சூட்டு சுவிட்ச் வழியாக எர்த்துக்கு. ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும், ஏனென்றால் ஃபியூஸுக்கு முன்னால் உள்ள வயர் உரசிக் கிழிந்தால் தீயைத் தடுக்க எதுவும் இல்லை. மோட்டார் வயர் 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. வீட்டு வயரிங்கில் மிஞ்சிய ஒற்றைக்கம்பி வயரைப் போடவே போடாதீர்கள். அதிர்வில் உள்ளே முறிந்துவிடும், வெளியே தெரியாது. சூட்டு சுவிட்ச் வாங்கும்போது இன்ஜினின் தெர்மோஸ்டாட்டில் பொறித்த எண்ணைப் பாருங்கள். அது 82 என்றால், ரேடியேட்டருக்குச் சுடுநீர் வரும் பக்கத்தில் வைக்கும் சுவிட்ச் 90 டிகிரிக்கு மேல் போடுவதாக இருக்கட்டும். இல்லாவிட்டால் காத்தாடி நிற்காமல் ஓடிப் பேட்டரியைத் தின்னும். ஏர்கோன் இருந்தால், அது ஓடும்போதும் காத்தாடி சுழல இன்னொரு ரிலே தேவை.

எர்த்தை யாரும் மதிப்பதில்லை. தஞ்சோங் காராங், ஜெராம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றும், மழைக்காலத்தில் வெள்ளத்தில் ஓட்டியதும் சேர்ந்து எர்த் போல்ட்டைத் துரு பிடிக்க வைத்திருக்கும். பெயின்ட்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். காத்தாடி ஓடும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் மோட்டாரின் கறுப்பு வயருக்கும் இடையே மீட்டரை வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை.

நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம், 1917-இல் தொடங்கிய தென்னமரம், நம் வட்டாரத்தில்தான் இருக்கிறது. செம்பனை இருக்கும் இடத்தில் எலியும் இருக்கும். அதைப் பிடிக்கவே தோட்டங்களில் கூகைக்குக் கம்பத்தில் பெட்டி வைக்கிறார்கள். அதே எலி இரவில் சூடான இன்ஜினடியில் ஒதுங்கி வயரைக் கடிக்கும். புது வயர் முழுவதையும் வரிப்பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டு, இன்ஜின் சூட்டுக்கு எட்டாமல் கட்டுங்கள். பழைய வயரையும் ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள்.

கடைசியாக இரவில் ஒரு சோதனை. ஹெட்லைட், ஏர்கோன், காத்தாடி மூன்றையும் போட்டு, இன்ஜினை மெதுவோட்டத்தில் விட்டுப் பேட்டரியை அளந்து பாருங்கள். 13 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் ஆல்டர்னேட்டரை வயர்மேனிடம் காட்டாமல் பத்துமலைக்குக் கிளம்பாதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் நெரிசலில் முள் சிவப்பை நோக்கிப் போனால், ஏர்கோனை அணைத்து, ஹீட்டர் இருந்தால் முழுவதும் திறந்து, ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியிருக்கும். மூடி திறந்த கணமே கொதித்து முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸைத் துணி சுற்றிப் பிடித்தால் அமுங்குகிற அளவுக்கு ஆறிய பிறகே திறந்து, இன்ஜினை ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றுங்கள்.