உலக வளமும் பூகோளப் பரீட்சையும்

பூகோளப் பரீட்சைக்கு மாணவர்களை நெடுங்காலமாகத் தயார் செய்துவரும் ஆசிரியன் என்ற முறையில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. உலக வளங்கள், தேசங்களின் அபிவிருத்தி ஆகியவற்றைப் பற்றிய பகுதியை எளிதென்று எண்ணிப் படிப்பவர்களே அதில் மிகுதியாக மதிப்பெண் இழக்கிறார்கள். பாறைகளையும் பருவக் காற்றுகளையும் பற்றிப் படிக்காமல் எழுத இயலாது என்பதை எவரும் அறிவர்; தண்ணீர்ப் பஞ்சமும் ஜனத்தொகைப் பெருக்கமும் வறுமையும் நாள்தோறும் செய்தித்தாளில் கண்ணில் படுபவையாதலால், பேனாவைக் கையில் எடுத்ததும் அவை தாமாகவே வந்துவிடும் என்று நம்பிவிடுகிறார்கள். அவ்வாறு வருபவை, எந்தத் தேசத்துக்கும் பொருந்துவனவாய், அதனாலேயே எந்தத் தேசத்தைப் பற்றியும் எதுவும் சொல்லாதனவாய் அமைந்த பொது வாக்கியங்களாகும். "வளரும் நாடுகளில் நீர்வளம் வீணாகிறது; அரசு தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்று எழுதிய மாணவர் மீது குற்றம் காண முடியாது; ஆனால் மதிப்பெண் வழங்குவதற்குரிய பூகோளச் செய்தி எதுவும் அந்த வரியில் அகப்படுவதில்லை.

ஆகவே, பல நாடுகளின் பெயர்களை மேலோட்டமாகத் தொட்டுச் செல்வதைக் காட்டிலும், நீருக்கு ஒன்று, உணவுக்கு ஒன்று, கனிவளத்துக்கு ஒன்று என்று சில பிரதேசங்களை மட்டும் தேர்ந்துகொண்டு, அவற்றை ஆதியோடந்தமாக அறிந்துகொள்ளுமாறு என் மாணவர்களை வற்புறுத்தி வருகிறேன்.

நீருக்கு நான் எடுத்துக்கொள்வது மத்திய ஆசியாவின் ஆரல் கடல். முதலில் அட்லாஸை மூடிவிட்டு வெறுந்தாளில் படம் வரையச் சொல்வேன். வலப்புறத்தில் தெற்கே பாமீர், வடக்கே தியான் ஷான்; அம்மலைகளிலிருந்து இறங்கி வடமேற்காக ஓடும் அமு தாரியா, சிர் தாரியா என்னும் இரு நதிகள்; அவற்றுக்கு நடுவே கிசில்கும் பாலைவனம்; 1960ல் இருந்த கரையைப் புள்ளிக் கோட்டாலும் பிற்காலத்துக் கரையை முழுக் கோட்டாலும் காட்டிய கடல்; அமு தாரியாவிலிருந்து பிரிந்து துர்க்மெனிஸ்தானுக்குள் மேற்கு நோக்கிச் செல்லும் காரகும் கால்வாய்; தென்கரையில் மொய்னாக், வடகரையில் ஆரல்ஸ்க் என்னும் துறைமுகங்கள். இவ்வளவே போதும். மலையும் நதியும் கால்வாயும் தத்தம் இடத்தில் அமர்ந்துவிட்டால், காரணகாரியத் தொடர்பு படத்திலேயே பாதி விளங்கிவிடும்.

அந்தப் படத்தை வரைந்துகொண்டிருந்த மாணவி ஒருத்தி, "பாலைவனத்தில் போய் ஏன் ஐயா பருத்தி போட்டார்கள்?" என்று கேட்டாள். பாடத்தின் உயிர்நிலையே அக்கேள்விதான். மிகுந்த வெயிலும் சமநிலமும் பருத்திக்கு உகந்தவையாதலாலும், பருத்திக்கு வெளிநாட்டை நம்பியிராத நிலையைச் சோவியத் ஆட்சி விரும்பியதாலும், நதிகளின் நீர் வயல்களுக்குத் திருப்பப்பட்டது. பூச்சில்லாத மண் கால்வாய்களில் அந்நீர் கசிந்தும் ஆவியாகியும் பெரும்பகுதி வீணாக, வயல்களில் உப்புப் படிந்தது; கடலுக்கு வரவேண்டிய நீர் குறையக் குறைய எஞ்சிய நீரின் உப்பு மிகுந்து மீன்கள் மடிந்தன; 1980களின் தொடக்கத்தில் மீன்பிடித் தொழில் முற்றும் ஒழிந்தது; 1987ல் கடலே வடக்கென்றும் தெற்கென்றும் இரண்டாகப் பிரிந்தது; வறண்ட படுகையிலிருந்து உப்பும் பூச்சிமருந்தும் கலந்த புழுதி எழுந்து சுற்றுப்புற மக்களின் சுவாசத்தைக் கெடுத்தது. குறிப்பு நோட்டில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் "அதனால்" என்று எழுதிவிட்டு அடுத்த வரியைத் தொடங்குமாறு நான் சொல்வது இத்தொடர் அறுபடாமல் இருப்பதற்காகவே.

உலக வங்கியின் உதவியோடு கஜகஸ்தான் கட்டிய கோகரால் அணை 2005ல் முடிந்தபின் வடகடலின் மட்டம் உயர்ந்து மீனும் திரும்பியது. அமு தாரியாவை நம்பியிருந்த தென்கடலோ மேலும் சுருங்கியது. சோவியத் யூனியன் 1991ல் கலைந்தபின், மின்சாரத்துக்காகக் குளிர்காலத்தில் நீரைத் திறந்துவிட விரும்பும் மேல்மடை நாடுகளான கிர்கிஸ்தானுக்கும் தஜிகிஸ்தானுக்கும், கோடைப் பாசனத்துக்கு அந்நீரை வேண்டும் கீழ்மடை நாடுகளுக்கும் இடையே பிணக்கு வளர்ந்தது. இவ்வாறு ஒரே பிரதேசம், நீர்ப் பற்றாக்குறை, பாசன விவசாயம், சூழல் சீர்கேடு, சர்வதேச நதிப் பங்கீடு ஆகிய நான்கு வினாக்களுக்கும் விடையளிக்க வல்லதாகிறது.

எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஆண்டும் அளவையும் ஒப்பீடும் சேராத எண் நினைவிலும் நில்லாது, விடையிலும் பயன்படாது. ஆரல் கடல் 1960ல் ஏறத்தாழ 68,000 சதுர கிலோமீட்டர் பரப்புடையதாக இருந்தது. அஃதாவது தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்குச் சற்று மிகுதி. 2007 வாக்கில் அதில் பத்தில் ஒரு பங்கே எஞ்சியது. இந்த அளவு மனத்தில் இருந்தால் வேறு பத்து எண்கள் வேண்டியதில்லை.

அபிவிருத்திப் பகுதியில், மஹ்பூப் உல் ஹக் அமர்த்தியா சென் முதலியோரின் துணையோடு உருவாக்கிய, 1990ல் வெளிவந்த மனித மேம்பாட்டுக் குறியீட்டை எல்லாரும் மனப்பாடம் செய்கிறார்கள். ஆயுட்காலம், கல்வி, வருமானம் என்னும் அதன் மூன்று உறுப்புகளையும் பிழையின்றி எழுதுகிறார்கள். ஆனால் அம்மூன்றும் ஒன்றோடொன்று முரண்படும் நாட்டைக் கண்டால்தான் அக்குறியீடு எதற்காகத் தோன்றியது என்பது விளங்கும். இதற்கு போட்ஸ்வானாவைக் காட்டிலும் சிறந்த உதாரணத்தை நான் கண்டதில்லை. 1966ல் விடுதலை பெற்றபோது உலகின் மிக வறிய நாடுகளுள் ஒன்றாக இருந்த அத்தேசத்தில், மறு ஆண்டே ஓராப்பாவில் வைரம் கண்டுபிடிக்கப்பட்டது. தெ பியர்ஸ் நிறுவனமும் அரசும் கூட்டாகச் சுரங்கம் நடத்தின. வருவாய் பள்ளிகளுக்கும் சாலைகளுக்கும் சென்றது. வருமானம் ஏறிக்கொண்டிருந்த அதே காலத்தில் எய்ட்ஸ் நோயால் ஆயுட்காலம் சரிந்தது. 2002 முதல் அரசு இலவசமாக மருந்து வழங்கத் தொடங்கியபின் அது மீண்டும் ஏறியது. செல்வம் பெருகியும் ஏழைக்கும் பணக்காரருக்கும் உள்ள இடைவெளி இன்னும் பெரிதாகவே இருக்கிறது. சராசரி வருமானம் எதை மறைக்கிறது என்று கேட்கும் வினாவுக்கு இதைவிடத் தக்க விடை வேண்டுமா? பாஸ்பேட்டைத் தோண்டித் தீர்த்து நடுநிலம் முழுவதும் பாழான நவுரு தீவை இதற்கு எதிரில் வைத்தால், கனிவளம் தானே ஒரு நாட்டை உயர்த்துவதுமில்லை, தாழ்த்துவதுமில்லை என்ற வாதத்துக்கு இரு பக்கச் சான்றும் கிடைத்துவிடும்.

உணவுப் பகுதியில், ஜனத்தொகைக்கும் உணவு உற்பத்திக்கும் உள்ள தொடர்பைப் பற்றி மால்தஸ் 1798ல் சொன்னதையும் போஸரப் 1965ல் சொன்னதையும் தனித்தனிப் பத்திகளாக ஒப்புவிப்பதில் பயன் குறைவு. பஞ்சாபின் கோதுமை விளைச்சலையும் அங்கே ஆண்டுதோறும் தாழ்ந்துவரும் நிலத்தடி நீரையும் அடுத்தடுத்து வைத்து எழுதினால், இருவர் சித்தாந்தமும் சோதனைக்கு உள்ளாகும்.

வினாவில் "விவரி" என்றிருந்தால் இருப்பதைச் சொன்னால் போதும். "விளக்கு" என்றால் ஏனென்று சொல்ல வேண்டும். "மதிப்பிடு" என்றாலோ, யாருக்கு நன்மை, யாருக்குத் தீமை, எவ்வளவு காலத்துக்கு என்று மூன்றையும் எடைபோட்டு, ஒரு பக்கம் சாய்ந்து முடிவு கூறியே ஆகவேண்டும். முடிவு கூறாமல் "நன்மையும் தீமையும் கலந்தே உள்ளன" என்று நிறுத்திவிடுவது நல்ல மாணவர்களிடமும் நான் காணும் குறை. நிறையப் படித்தும் மதிப்பெண் குறைவது பெரும்பாலும் இவ்விடத்தில்தான்.

பரீட்சைக்கு முந்தைய வாரங்களில் புத்தகத்தை மீண்டும் மீண்டும் புரட்டுவதை நிறுத்திவிட்டு, மாலைதோறும் வெறுந்தாளில் ஒரு பிரதேசத்தின் படத்தை நினைவிலிருந்தே வரைந்து, அதன் ஓரத்தில் "அதனால்" தொடரை எழுதி, மூன்று எண்களை ஆண்டோடு குறிக்க வேண்டும். எந்த இடத்தில் கை நின்றுவிடுகிறதோ அதை மட்டும் அட்லாஸில் பார்த்துக்கொண்டு, மறுநாள் காலையில் அந்தப் படத்தையே இன்னொரு முறை வரைந்தால் போதும்.