கடைசிக் கவ்வி எங்கே?

காலை மணி ஐந்தரை. வீவக பலமாடி வாகன நிறுத்துமிடத்தின் இரண்டாம் தளம். தேக்கா சந்தையில் காய்கறிக் கடை வைத்திருக்கும் மாமா, மோட்டார் சைக்கிளின் சாவியைத் திருப்புகிறார். மீட்டரில் விளக்கு மங்கலாக எரிகிறது. பொத்தானை அழுத்தினால் 'டக், டக், டக்' என்ற ஒலி மட்டுமே வருகிறது. பள்ளி விடுமுறையில் கடைக்கு உதவ வந்த மருமகன் கையில் கைப்பேசி வெளிச்சத்துடன் நிற்கிறான். காய்கறி லாரி வரும் நேரம் நெருங்குகிறது.

அந்த 'டக்' ஒலி நமக்கு ஒரு செய்தி சொல்கிறது. மீட்டர் விளக்குக்குச் சிறிதளவு மின்னோட்டம் போதும். இயந்திரத்தைச் சுழற்றும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கோ பல பத்து ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். விளக்கை எரிய வைக்கும் பேட்டரியால் மோட்டாரைச் சுழற்ற முடியவில்லை என்பதே அதன் பொருள். பழைய வண்டிகளில் காலால் உதைத்து இயக்கும் வசதி இருந்தது. நாள்தோறும் ஜோகூரிலிருந்து கடற்பாலத்தைக் கடந்து வேலைக்கு வருவோர் ஓட்டும் 'கப்சாய்' வண்டிகள் பலவற்றில் அது இன்றும் உண்டு. கியர் உள்ள சில வண்டிகளைத் தள்ளியும் இயக்கலாம். தானியங்கி ஸ்கூட்டரை எவ்வளவு தள்ளினாலும் பயனில்லை. மாமாவின் வண்டி ஸ்கூட்டர்.

கீழ்த்தளத்து அண்டை வீட்டுக்காரர் அங்கே வருகிறார். "என் காரைப் பக்கத்துல கொண்டு வரேண்ணே. ஜம்பர் கம்பி இருக்கு. ரெண்டு நிமிஷத்துல ஸ்டார்ட் ஆயிடும்" என்கிறார். நல்ல மனம்தான். ஆனால், அந்த இரண்டு நிமிட அவசரத்தில்தான் ஆபத்து இருக்கிறது.

பேட்டரிக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் பார்ப்போம். 1859ஆம் ஆண்டு பிரான்சு நாட்டைச் சேர்ந்த காஸ்டோன் பிளான்டே ஈய அமில மின்கலத்தை உருவாக்கினார். நூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதன் அடிப்படை மாறவில்லை. ஈயத் தகடுகள், அவற்றைச் சுற்றிக் கந்தக அமிலம், ஏறத்தாழ 2 வோல்ட் தரும் ஆறு அறைகள். எல்லாம் சேர்ந்து 12 வோல்ட். முழுமையாக மின்னேறிய பேட்டரி ஓய்வில் இருக்கும்போது 12.6 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். 12 வோல்ட் நம் கையைத் தாக்காது. அதனால்தான் பலரும் இதை விளையாட்டாக நினைக்கிறார்கள். மின்னேறும்போது அமிலத்திலுள்ள நீர் பிரிந்து ஹைட்ரஜன் வாயு உண்டாகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றில் 4 விழுக்காடு கலந்தாலே தீப்பிடிக்கும். ஒரு சிறு பொறி போதும். பேட்டரியின் உறை வெடித்து, அமிலம் முகத்தில் தெறிக்கலாம். குனிந்து பார்க்கும் கண்களுக்குத்தான் முதல் ஆபத்து.

இந்தப் பொறி எங்கிருந்து வருகிறது? அறிவியல் வகுப்பில் நீங்கள் அமைத்த மின்சுற்றை நினைத்துக்கொள்ளுங்கள். சுற்று முழுமையாகும் வரை மின்சாரம் ஓடாது. ஜம்பர் கம்பிக்கு நான்கு கவ்விகள். முதல் மூன்றைப் பொருத்தும்போது சுற்று திறந்தே இருக்கிறது. நான்காவது கவ்வி தொடும் அந்த நொடியில் சுற்று மூடுகிறது. பொறி பறப்பதும் அங்கேதான். எனவே நான்காவது கவ்வியைப் பேட்டரிக்குப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது.

மாமா இருக்கைக்கு அடியிலுள்ள மூடியைத் திறக்கிறார். அண்டை வீட்டுக்காரர் கார் இயந்திரத்தை ஓட விட்டபடியே கம்பியை எடுக்கிறார்.

"அண்ணே, காரை நிறுத்திடுங்க" என்கிறான் மருமகன்.

"ஓடினாத்தானே கரண்ட் நல்லா வரும்?"

இது பலருக்கும் உள்ள தவறான எண்ணம். காரின் பேட்டரி மோட்டார் சைக்கிள் பேட்டரியைவிடப் பல மடங்கு பெரியது. இயந்திரம் நின்றிருந்தாலும் ஒரு சின்ன வண்டியை இயக்க அதற்குத் தாராளமாகச் சக்தி உண்டு. ஓடும் காரின் மின்னேற்ற அமைப்பு, சிறிய வண்டியின் மின்கருவிகளைக் கெடுத்துவிடலாம். இரண்டு வண்டிகளும் 12 வோல்ட்தானா என்பதையும் பார்க்க வேண்டும். மிகப் பழைய சில வண்டிகள் 6 வோல்ட். உதவ வந்தது மின்சாரக் கார் என்றால் அதன் கையேட்டைப் படிக்காமல் தொடவே கூடாது.

அடுத்து, மாமா தம் மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிச் சட்டைப் பையில் போடுகிறார். 12 வோல்ட் உடலைத் தாக்காவிட்டாலும், இரு முனைகளுக்கு நடுவே உலோக மோதிரம் பட்டால் அது நொடியில் சுட்டுப் பழுத்துவிடும். பேட்டரி உப்பியிருக்கிறதா, விரிசல் உண்டா, அமிலம் கசிகிறதா என்று வெளிச்சம் பிடித்துப் பார்க்கிறார்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். லித்தியம் பேட்டரி என்றாலும் அப்படித்தான். அதற்கு இந்த முறை பொருந்தாது.

இப்போது கவ்விகள். சிவப்புக் கவ்வி முதலில் ஸ்கூட்டர் பேட்டரியின் நேர்முனையில். கம்பியின் மறுமுனையிலுள்ள சிவப்பு, கார் பேட்டரியின் நேர்முனையில். பிறகு கறுப்புக் கவ்வி கார் பேட்டரியின் எதிர்முனையில். காருக்கென்று செய்த கவ்விகள் பெரியவை. ஸ்கூட்டரின் பேட்டரியோ ஒரு தடித்த அகராதி அளவுகூட இருக்காது. ஆகவே, கவ்விகள் ஒன்றையொன்று தொடாமல் பார்த்துக்கொள்வதே பெரிய வேலை.

எஞ்சிய கறுப்புக் கவ்வியை அண்டை வீட்டுக்காரர் ஸ்கூட்டர் பேட்டரியின் எதிர்முனைக்குக் கொண்டுபோகிறார்.

"அங்க வேணாம் அண்ணே. இந்தப் போல்ட்டுல மாட்டுங்க" என்று மருமகன் இயந்திரத்தின் மேலிருந்த வண்ணம் பூசாத உலோகப் பகுதியைக் காட்டுகிறான்.

வண்டியின் உலோகச் சட்டகம் எதிர்முனையுடன் ஏற்கெனவே இணைந்திருக்கிறது. அதனால் எங்கே கவ்வினாலும் மின்சாரம் போய்ச் சேரும். பொறி மட்டும் வாயுவிலிருந்து விலகிப் பறக்கும். அங்கே ஒரு சிறு பொறி தெறிக்கத்தான் செய்தது. அண்டை வீட்டுக்காரர் அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

பொத்தானை அழுத்தியதும் ஸ்கூட்டர் உறுமியது. கவ்விகளைக் கழற்றும்போது வரிசை தலைகீழாகும்: சட்டகத்துக் கறுப்பு, கார்க் கறுப்பு, கார்ச் சிவப்பு, கடைசியாக ஸ்கூட்டர்ச் சிவப்பு. ஒருவேளை அமிலம் கண்ணில் பட்டிருந்தால், தேய்க்காமல், ஓடும் நீரில் குறைந்தது இருபது நிமிடம் கழுவிக்கொண்டே 995ஐ அழைக்க வேண்டும்.

எல்லாப் பேட்டரியையும் இப்படி எழுப்ப முடியாது. 2020 மார்ச் 18ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு நடப்புக்கு வந்தது. கடற்பாலத்தில் நாள்தோறும் ஓடிய மோட்டார் சைக்கிள்கள் நின்றன. சிங்கப்பூரிலும் ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை பெரும்பாலோர் வீட்டிலேயே இருந்தோம். தடுப்பூசி போட்டவர்களுக்கு நிலவழி எல்லை முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1ஆம் தேதிதான். ஓடாத வண்டியிலும் கடிகாரமும் திருட்டு எச்சரிக்கைக் கருவியும் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தைக் குடிக்கும். காலியான நிலையில் நெடுநாள் கிடந்தால், ஈயத் தகடுகளின்மேல் ஈயச் சல்பேட்டுப் படிகங்கள் இறுகிப் படியும். அத்தகைய பேட்டரிக்கு எந்தக் கம்பியாலும் உயிர் வராது. சில வாரங்கள் வண்டியை எடுக்கப் போவதில்லை என்றால், பேட்டரியின் இணைப்பைக் கழற்றி வைப்பதே மேல்.

சிங்கப்பூரில் மோட்டார் சைக்கிள் உரிமம் பெற 18 வயதாக வேண்டும். ஆகவே இந்த வேலையில் உங்கள் பங்கு வெளிச்சம் பிடிப்பதும், பெரியவர்கள் அவசரப்படும்போது "கொஞ்சம் நில்லுங்க" என்று சொல்வதும்தான். அதைச் சொல்வது எளிதில்லை. அண்டை வீட்டுக்காரர் முகம் சுளித்திருந்தாலும் அந்தப் பையன் சொல்லியே இருக்க வேண்டும்.

மாமா நேராகத் தேக்காவுக்குப் போகாமல், விரைவுச்சாலை வழியாகச் சுற்றி அரை மணி நேரம் ஓட்டினார். வண்டியை நிறுத்தி வைத்து இயந்திரத்தை மட்டும் ஓட விட்டால் பேட்டரி சரியாக மின்னேறாது. கடை திறக்கத் தாமதமாயிற்று. லாரிக்காரரிடம் பேச்சும் வாங்கினார். மாலையில் ஜாலான் புசார் பக்கமுள்ள ஒரு பட்டறையில் பேட்டரியைச் சோதித்தபோது, "எத்தனை வருஷமாச்சு?" என்று கேட்டார் மெக்கானிக். "நாலு." நம் ஊர் வெப்பத்தில் அதுவே அதிகம் என்று சிரித்தபடி புதியதைப் பொருத்தினார். ஈயமும் அமிலமும் உள்ள பழைய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது என்பதால், மாமா அதைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வந்தார்.