ஊட்டி வீட்டுக்கு எந்த ஆப்பிள்?

கேள்வி: ஊட்டியில் வீட்டுத் தோட்டம் இருக்கிறது. இனிப்பாகவும் எளிதில் வளர்வதாகவும் உள்ள ஆப்பிள் ரகம் எது?

பதில்: 'அன்னா'.

ஆப்பிள் மரத்துக்குக் குளிர்காலத் தூக்கம் அவசியம். 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சுமார் 1,000 மணி நேரம் கேட்கும் ரகங்கள்தாம் அதிகம். அது கிடைக்காவிட்டால் மொட்டுகள் சீராக விரியாது. இஸ்ரேலில் உருவான அன்னாவுக்கோ சுமார் 300 மணி நேரமே போதும். பழம் இனிப்பும் மெல்லிய புளிப்புமாக, கடிக்கையில் மொறுமொறுவென்று இருக்கும்.

தனிமரமாக நட்டால் காய்ப்பு குறையும். பஹாமாஸில் தோன்றிய 'டார்செட் கோல்டன்' ஒன்றைத் துணைக்கு நடுவது நல்லது. இரண்டும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பூப்பதால், மகரந்தம் சேர்க்கும் வேலையைத் தேனீக்கள் பார்த்துக்கொள்ளும்.

சமவெளி உறவினர்கள் கேட்டால், இமாச்சல விவசாயி ஹரிமன் சர்மா உருவாக்கிய 'எச்.ஆர்.எம்.என்.-99' ரகத்தைச் சொல்லலாம்.

எதுவானாலும் ஒட்டுக்கன்றே வாங்க வேண்டும். விதையிலிருந்து வளரும் மரம் தாய்மரத்தின் பழத்தைத் தராது.