'ஜி' வண்டி யாருடைய வண்டி?

பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு பத்து நிமிடம் சாலை ஓரமாக நின்று, போகிற வருகிற வண்டிகளின் எண் தகடுகளை மட்டும் பாருங்கள். டி.என். என்ற இரண்டு எழுத்து, பிறகு இரண்டு இலக்கம், அதன்பின் ஓர் எழுத்தோ இரண்டு எழுத்தோ, கடைசியில் நான்கு இலக்கம். இதுதான் பொதுவான அமைப்பு. ஆனால் தாசில்தாரின் ஜீப், காவல்துறை வேன், அரசு மருத்துவமனை வண்டி ஆகியவை வரும்போது கொஞ்சம் கவனியுங்கள். நான்கு இலக்கத்துக்கு முன்னால் 'ஜி' என்ற எழுத்து இருக்கும். சிலவற்றில் 'ஏ.ஜி.', 'பி.ஜி.' என்று இருக்கும். அரசுப் பேருந்து வந்தால் அங்கே 'என்' அல்லது 'ஏ.என்.' இருக்கும்.

இது தற்செயலாக அமைந்ததா? இல்லை. அந்த ஓர் எழுத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. கொஞ்சம் கணக்கும், கொஞ்சம் ஒளியியலும் இருக்கின்றன. ஒரு நியாயமும் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?

வண்டிக்கு எண் எதற்கு?

குதிரை வண்டிக் காலத்தில் ஊரில் யாருடைய வண்டி எது என்று எல்லோருக்கும் தெரியும். மோட்டார் வண்டி வந்ததும் நிலைமை மாறிற்று. மோதிவிட்டு நொடிப் பொழுதில் மறைந்துபோகும் வேகம் அதற்கு இருந்தது. ஆகவே 1893ஆம் ஆண்டு பாரிஸ் நகரக் காவல்துறை, ஒவ்வொரு மோட்டார் வண்டியிலும் உரிமையாளரின் பெயர், முகவரி, எண் ஆகியவை பொறித்த உலோகத் தகடு இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. பிரிட்டனில் 1904 ஜனவரி முதல் நாளிலிருந்து பதிவெண் கட்டாயமாயிற்று.

சென்னைக்கும் மோட்டார் கார் வந்தது. 'எம்.சி. 1' என்ற எண் துறைமுகத்தை உருவாக்கிய பொறியாளர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் காருக்கும், 'எம்.சி. 3' என்ற எண் புகழ்பெற்ற கட்டட ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியாரின் காருக்கும் கிடைத்தன என்று சென்னை வரலாற்றை எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள். வண்டிகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் இருந்த காலம் அது. ஓர் எண் போதும், ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

1914இல் இந்தியா முழுமைக்குமான மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. 1939இல் அதற்குப் பதிலாக விரிவான புதிய சட்டம் வந்தது. அதன்படி ஒவ்வொரு மாகாணத்துக்கும் அடையாள எழுத்துகள் ஒதுக்கப்பட்டன. நம் மாநிலத்துக்கு எம்.எஸ்., எம்.டி. போன்றவை கிடைத்தன. மூன்றாவதாக ஓர் எழுத்தைச் சேர்த்து, அதன்பின் நான்கு இலக்கம் வரை எண் கொடுத்தார்கள். பழைய திரைப்படங்களில் 'எம்.எஸ்.எக்ஸ்.', 'எம்.எஸ்.ஒய்.' என்று தொடங்கும் கார்களைப் பார்த்திருப்பீர்களே! சென்னை மாநிலம் 1969 ஜனவரி 14ஆம் நாள் தமிழ்நாடு என்று பெயர் பெற்றது. 'டி' என்ற எழுத்தில் தொடங்கும் தொடர்களும் பயனுக்கு வந்தன.

எண்கள் தீர்ந்துபோன கதை

எண்கள் தீர்ந்துபோகுமா என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஆங்கில எழுத்துகள் 26. அவற்றில் 'ஐ' என்பது 1 போலவும், 'ஓ' என்பது 0 போலவும் தோன்றும். குழப்பம் வரக் கூடாது என்பதற்காக அவ்விரண்டையும் விட்டுவிடுகிறார்கள். மீதி 24. நான்கு இலக்கத்துக்குள் 1 முதல் 9999 வரை 9,999 எண்கள் உண்டு. 'எம்.எஸ்.' என்ற இரண்டு எழுத்தும் மாறாதவை. மூன்றாவது எழுத்து மட்டுமே மாறும். ஆகவே,

24 × 9,999 = 2,39,976

அதாவது ஓர் அடையாளத்தைக் கொண்டு ஏறக்குறைய 2 லட்சத்து 40 ஆயிரம் வண்டிகளுக்குத்தான் எண் தர முடியும். அதை மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஸ்கூட்டரும் மொபெட்டும் பெருகிய பிறகு இது எந்த மூலைக்குப் போதும்? புதிய புதிய எழுத்துச் சேர்க்கைகளைத் தேட வேண்டியதாயிற்று.

இதற்கு விடிவு 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அது 1989 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. மாநிலத்துக்கு இரண்டு எழுத்து, பதிவு அலுவலகத்துக்கு இரண்டு இலக்கம், பிறகு தொடர் எழுத்து, கடைசியில் நான்கு இலக்கம். இன்று நாம் காணும் முறை இதுதான். திருச்சி என்றால் 45, தஞ்சாவூர் என்றால் 49, திருநெல்வேலி என்றால் 72, நாகர்கோவில் என்றால் 74. கோயம்புத்தூரில் தெற்குக்கு 37, வடக்குக்கு 38.

புதிய முறையின் பெருந்தன்மையைப் பாருங்கள். தொடர் எழுத்து இரண்டாக இருந்தால் 24 × 24 = 576 சேர்க்கைகள். 'ஜி'யிலும் 'என்'னிலும் முடிபவற்றைத் தனியே எடுத்து வைத்துவிட்டாலும் 24 × 22 = 528 மிஞ்சும். இதை 9,999ஆல் பெருக்கினால் 52,79,472. முன்பு ஓர் அடையாளத்தை வைத்துக்கொண்டு மாநிலம் முழுவதும் கொடுத்ததைப் போல 22 மடங்கு எண்களை இப்போது ஒரே ஓர் அலுவலகம் கொடுக்கலாம்! இடம் தாராளமாக இருந்ததால்தான் சில எழுத்துகளைக் குறிப்பிட்ட வேலைக்கென்று ஒதுக்கவும் முடிந்தது.

'ஜி'யும் 'என்'னும்

அரசு என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து ஜி. மத்திய விதிகளின்படி பதிவெண்ணில் ஆங்கில எழுத்துகளும் சர்வதேச எண்களுமே வர வேண்டும். எனவே தமிழ்நாட்டில் அரசுத் துறைகளின் வண்டிகளுக்கு 'ஜி' தொடர் ஒதுக்கப்பட்டது. ஒரு தொடர் முடிந்ததும் 'ஏ.ஜி.', 'பி.ஜி.' என்று வளர்ந்தது.

அரசுப் பேருந்துக்கு மட்டும் ஏன் 'என்'? இதைப் புரிந்துகொள்ள ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். தாசில்தாரின் ஜீப் அரசுத் துறையின் நேரடிச் சொத்து. பேருந்தோ போக்குவரத்துக் கழகத்தின் சொத்து. 1972இல் பல்லவன், பாண்டியன், சேரன் என்ற பெயர்களில் தொடங்கிய கழகங்கள் அரசுக்குச் சொந்தமானவைதாம். ஆனாலும் சட்டப்படி அவை தனித்தனி நிறுவனங்கள். அவற்றுக்குக் கட்டண வருமானம் உண்டு, தனிக் கணக்கும் உண்டு. ஆகவே தொடரும் தனி.

எல்லா மாநிலங்களும் இதே வழியில் போகவில்லை. கர்நாடகத்தில் அரசு வண்டிக்கு 'ஜி', அரசுப் பேருந்துக்கு 'எஃப்'. கேரளத்தில் அரசுப் பேருந்துகளுக்கு எழுத்து ஒதுக்கவில்லை. 15 என்ற அலுவலக எண்ணையே கொடுத்துவிட்டார்கள். ராணுவ வண்டிகள் மாநிலப் பதிவுக்குள் வருவதே இல்லை. அவற்றின் தகட்டில் முதலில் மேல்நோக்கிய அம்புக்குறி இருக்கும். அடுத்து வரும் இரண்டு இலக்கம் வண்டி வாங்கப்பட்ட ஆண்டைக் காட்டும். அரசுத் தளவாடங்களில் அம்புக்குறி பொறிப்பது பழைய பிரிட்டிஷ் வழக்கம்.

ஒரு ஜீப்பும் ஒரு வழக்கும்

அரசு வண்டியைத் தனியாக அடையாளம் காட்டுவதால் என்ன பயன்? அதிகாரிக்கு வழிவிடவா? அல்ல. ஓர் உண்மை நிகழ்ச்சியைக் கேளுங்கள்.

1952 பிப்ரவரி 11ஆம் நாள் மாலை. ராஜஸ்தானில் உதயப்பூர் நகரம். கலெக்டர் அலுவலகத்து ஜீப் ஒன்று பழுதுபார்க்கப்பட்டு, பட்டறையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தது. அதன் பதிவெண் ஆர்.யு.எம். 49. ஓட்டியவர் தற்காலிக ஊழியர். நடைபாதையில் நடந்து போய்க்கொண்டிருந்த ஒருவர் மீது ஜீப் மோதியது. மண்டை ஓடும் முதுகெலும்பும் முறிந்து, மூன்றாம் நாள் மருத்துவமனையில் அவர் இறந்துபோனார். அவருடைய மனைவியும் சிறு வயது மகளும் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தார்கள்.

ஓட்டுநர் பொறுப்பு என்று கீழ் நீதிமன்றம் சொன்னது, அரசை விட்டுவிட்டது. தற்காலிக ஓட்டுநரிடம் பணம் ஏது? அவர்கள் மேல்முறையீடு செய்தார்கள். அரசும் பொறுப்பு, 15,000 ரூபாய் தர வேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. 1962இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: வேலைக்காரர் செய்த தவறுக்கு மற்ற முதலாளிகள் எப்படிப் பொறுப்போ, அப்படியே அரசும் பொறுப்பு.

இன்றைய சட்டத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. வியாபாரம் அல்லாத வேலைக்கு ஓடும் அரசு வண்டிகளுக்குக் கட்டாயக் காப்பீட்டிலிருந்து விலக்கு இருக்கிறது. அப்படிப்பட்ட வண்டி மோதினால் இழப்பீட்டை அரசிடமே கேட்க வேண்டியிருக்கும். வண்டி எந்தத் துறையுடையது என்று தெரிந்தால்தானே கேட்க முடியும்? அதற்கு முதல் ஆதாரம் எண் தகடு.

குடியரசுத் தலைவர், ஆளுநர்கள் ஆகியோரின் கார்களில் நெடுங்காலம் எண்ணே இல்லை. அரசுச் சின்னம் மட்டுமே இருந்தது. 'எண் இல்லாத கார் மோதினால் பாதிக்கப்பட்டவர் எப்படி இழப்பீடு கேட்பார்?' என்ற கேள்வி தில்லி உயர் நீதிமன்றத்தில் எழுந்தது. உயர் பதவியில் இருப்பவர்களின் வண்டிகளும் எண்ணைக் காட்ட வேண்டும் என்பது 2018இல் முடிவாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டு, 2017 மே முதல் நாள், உயர் பதவியாளர்களின் கார்களில் சுழன்ற சிவப்பு விளக்கும் அகற்றப்பட்டது. விளக்கு போயிற்று, எண் வந்தது. இரண்டையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்!

சொந்தக் காரில் 'ஜி' என்றோ 'அ' என்றோ ஒட்டிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. பதிவெண்ணில் உள்ள எழுத்தே சட்டப்படியான அடையாளம். ஒட்டிக்கொண்ட எழுத்தால் எந்த உரிமையும் வந்துவிடாது. 2024 மே மாதம் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை, தனியார் வண்டிகளில் இப்படி ஒட்டப்பட்ட அடையாளங்களுக்கு எதிராக நடவடிக்கை எடுத்தது.

இரவில் பளிச்சிடும் தகடு

முன்பு சொந்தக் கார்களுக்குக் கறுப்புத் தகட்டில் வெள்ளை எழுத்து இருந்தது. பின்னர் அது வெள்ளைத் தகட்டில் கறுப்பு எழுத்தாக மாறியது. வாடகை வண்டிகளுக்கு மஞ்சள் தகடு. 2018 முதல் மின்சார வண்டிகளுக்குப் பச்சைத் தகடு. 2019 ஏப்ரல் முதல், புதிய வண்டிகள் அனைத்தும் உயர் பாதுகாப்புத் தகட்டுடனேயே வர வேண்டும். இது ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள அலுமினியத் தகடு. ஓரத்தில் அசோகச் சக்கரம் கொண்ட, 20 மில்லிமீட்டர் சதுரமான ஹோலோகிராம் இருக்கும். லேசர் கதிரால் பொறித்த தனி எண்ணும் உண்டு. கழற்றினால் பூட்டு உடைந்துவிடும். மறுபடி மாட்ட முடியாது.

இந்தத் தகடு இரவில் பளிச்சிடுவது ஏன்? வெள்ளைத் தாளின் மீது விழும் ஒளி எல்லாத் திசைகளிலும் சிதறுகிறது. நம் கண்ணுக்கு வருவது அதில் மிகச் சிறு பகுதி. கண்ணாடியின் மீது சாய்வாக விழும் ஒளியோ வேறு பக்கம் போய்விடுகிறது. தகட்டின் மேற்படலத்தில் மிக நுண்ணிய மணிகளோ பட்டகங்களோ பதிந்திருக்கின்றன. மணிக்குள் நுழையும் ஒளிக்கதிர் விலகி, பின்புறத்தில் எதிரொளித்து, மீண்டும் விலகி, ஏறக்குறைய வந்த வழியே திரும்புகிறது. ஆகவே விளக்கு இருக்கும் பக்கத்தில் உள்ள கண்ணுக்குத் தகடு பிரகாசமாகத் தெரிகிறது.

வண்டிக்கும் ஓய்வு வயது

அரசு ஊழியர்களைப் போலவே அரசு வண்டிகளுக்கும் ஓய்வு வயது உண்டு. 2023 ஏப்ரல் முதல் நாளிலிருந்து, 15 ஆண்டுகள் கடந்த மத்திய, மாநில அரசு வண்டிகளின் பதிவு நீடிப்பதில்லை. பாதுகாப்புக்கும் சட்டம் ஒழுங்குக்கும் பயன்படும் சிறப்பு வண்டிகளுக்கு மட்டும் விலக்கு. பழைய எஞ்சின்களின் புகையைக் குறைப்பதே நோக்கம். இனி 'ஜி' தகடு உள்ள வண்டியைப் பார்க்கும்போது அதன் வயதையும் ஊகித்துப் பாருங்கள்.

'ஜி' வண்டி யாருடைய வண்டி என்று தொடக்கத்தில் கேட்டோம். அதை வாங்கியது மக்கள் செலுத்திய வரிப்பணம். அதற்கு டீசல் போடுவதும் அதே வரிப்பணம். அப்படியானால் அது உங்கள் வண்டியும்தான். தன் வண்டியைத் தெரிந்துகொள்ள வேண்டியது உரிமையாளரின் கடமை அல்லவா?

செய்து பாருங்கள்

1. பேருந்து நிறுத்தத்தில் பாதுகாப்பாக நின்று 50 வண்டிகளின் தொடர் எழுத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 'ஜி', 'என்', மற்றவை என மூன்றாகப் பிரித்துப் பட்டை வரைபடம் போடுங்கள்.

2. இருட்டிய பின், நின்றிருக்கும் வண்டியின் புதிய எண் தகட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தடி தள்ளி நின்று, டார்ச் விளக்கைக் கண்ணுக்கருகில் பிடித்து அடியுங்கள். பிறகு நீங்கள் அங்கேயே நிற்க, டார்ச்சை நண்பரிடம் கொடுத்து, நான்கடி பக்கவாட்டில் நின்று அடிக்கச் சொல்லுங்கள். எப்போது தகடு பளிச்சிடுகிறது? ஏன்?

3. 'ஜி' என்ற ஓரெழுத்துத் தொடரையும், 'ஜி'யில் முடியும் 24 ஈரெழுத்துத் தொடர்களையும் சேர்த்தால் ஓர் அலுவலகத்தில் எத்தனை அரசு வண்டிகளைப் பதியலாம்? (விடை: 25 × 9,999 = 2,49,975)