ஊருக்குக் கிளம்புமுன் செடிக்கு ஒரு திரி

நாலைந்து நாள் வீட்டைப் பூட்டினால் முதலில் வாடுவது துளசிதான். கற்றாழை, மணி பிளான்ட் பற்றிக் கவலை வேண்டாம், ஒரு வாரம் தாங்கும். தொட்டிகளை வெயில் படாத, வெளிச்சமுள்ள மூலையில் நெருக்கி வையுங்கள். பழைய பருத்தி வேட்டியைக் கிழித்துத் திரியாக முறுக்கி நனைத்து, ஒரு முனையை மண்ணில் 2 அங்குலம் புதையுங்கள். மறுமுனை, சற்று உயரத்தில் வைத்த தண்ணீர் வாளியின் அடிவரை போகட்டும்.  திரி தடிமனானால் தண்ணீர் சீக்கிரம் இறங்கிவிடும். எங்கள் வீட்டில் ஒருமுறை ஒரே இரவில் வாளி காலி! இரண்டு நாள் முன்பே வைத்துப் பாருங்கள். தொட்டிக்கடித் தட்டை நிரப்பிவிட்டுப் போகாதீர்கள். வேர் அழுகும், கொசுவும் முட்டையிடும். வாளியையும் துணியால் மூடிக் கட்டிவிடுங்கள்.