கணக்கிடலாம், சேமிக்க முடியாது

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்கும் மாணவிகளுக்குப் பைதன் மொழி பழக்கமானது. அதில் நாம் எழுதிய வகுப்பொன்றுக்கு, செய்நிரல் இயங்கிக்கொண்டிருக்கும்போதே புதிய பண்பைச் சேர்த்துவிடலாம். எல்லா மொழிகளும் இவ்வாறு இடங்கொடுப்பதில்லை. அப்பிள் நிறுவனம் 2014 இல் அறிமுகப்படுத்திய சுவிஃப்ட் மொழி இதற்கு நல்ல உதாரணமாகும்.

வேறொருவர் எழுதிய வகுப்பின் மூல நிரலைத் தொடாமலே அதனை விரிவாக்க, சுவிஃப்ட்டில் ‘எக்ஸ்டென்ஷன்’ எனும் நீட்டிப்பு வசதியுண்டு. அதன் மூலம் புதிய செயல்களையும், பெறுமானத்தைக் கணித்துத் தரும் பண்புகளையும் சேர்க்கலாம். ஆனால், பெறுமானத்தைச் சேமித்து வைக்கும் பண்பைச் சேர்த்தால் தொகுப்பி பிழையெனக் காட்டும். கொட்லின் மொழியின் நீட்டிப்புப் பண்புகளுக்கும் இதே கட்டுப்பாடு உண்டு.

ஏன் இந்தத் தடை? அச்சடித்த பாடசாலை இடாப்பொன்றை எண்ணிப் பாருங்கள். அதில் பெயருக்கும் பிறந்த திகதிக்கும் மட்டுமே கட்டங்கள் உள்ளன. திகதியைப் பார்த்து வயதைக் கணக்கிடலாம். அதற்குத் தனிக் கட்டம் தேவையில்லை. ஆனால், ஒரு மாணவிக்கு எந்த மருந்து ஒவ்வாது என்பதை எந்தக் கணக்காலும் அறிய முடியாது. அதைக் கேட்டுத்தான் எழுத வேண்டும். எழுதக் கட்டமில்லை. வகுப்பும் அவ்வாறே. அதன் பொருளொன்றுக்கு நினைவகத்தில் எவ்வளவு இடம் என்பதை வகுப்பின் வரைவிலக்கணமே தீர்மானிக்கிறது. பிறகு வரும் நீட்டிப்பு அந்த இடத்தைப் பெருப்பிக்க முடியாது.

சிலர் இதற்கொரு குறுக்குவழி காண்பர். பொருளின் நினைவக அடையாளத்தைச் சாவியாக வைத்து, ஒவ்வாமை விபரத்தை வேறோர் அட்டவணையில் சேமிப்பர். இதில் ஆபத்துண்டு. அப்பொருள் அழிந்த பின்னும் அட்டவணையில் பதிவு எஞ்சியிருக்கும். அதே அடையாளம் பின்னர் புதிய பொருளொன்றுக்குக் கிடைக்கலாம். அப்போது ஒரு மாணவியின் மருந்து விபரம் இன்னொருத்தியின் பெயரில் காட்டப்படும்.

மூல நிரல் நம்முடையதாயின், வகுப்பிலேயே பண்பைச் சேர்ப்பதே முறை. இல்லையெனில், பழைய பொருளையும் புதிய விபரத்தையும் ஒன்றாகத் தாங்கும் புதிய வகுப்பை எழுதலாம். நாமே உருவாக்கும் பொருள்களாயின், வகுப்பு அனுமதித்தால், உபவகுப்பும் உதவும்.

எனவே, நீட்டிப்பு எழுதுமுன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்வோம்: இந்தப் பெறுமானத்தை ஏற்கனவே உள்ளவற்றிலிருந்து கணிக்க முடியுமா? முடியுமாயின் நீட்டிப்புப் போதும். முடியாவிட்டால், அதற்கு உரிய இடமொன்றை முதலில் அமைத்துக் கொடுக்க வேண்டும்.