கஃபாவைக் கழுவுதலும் நம் பள்ளிவாசலும்

 

விருதுநகர், சிவகாசி வட்டாரத்து முஸ்லிம் வீடுகளில் கஃபத்துல்லாஹ்வின் படம் போட்ட காலண்டர் தொங்குவதை நாம் பார்க்கிறோம். சிவகாசி அச்சாபீஸில் அச்சாகி, உலகின் பல ஊர்களுக்கும் போகும் காலண்டர்தான் அது. கறுப்புக் கிஸ்வா போர்த்திய அந்த இறையில்லத்தின் வெளித் தோற்றம் நம் பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம். ஆனால் அதன் உட்புறத்தில் ஆண்டுதோறும் நடைபெறும் ஒரு பணியை நம்மில் பலர் அறிவதில்லை. ‘குஸ்லுல் கஃபா’ எனப்படும் கஃபாவைக் கழுவும் பணியே அது. அதைப் பற்றியும், அதிலிருந்து நாம் பெற வேண்டிய பாடத்தைப் பற்றியும் இம்மாதம் சிந்திப்போம்.

எவ்வாறு கழுவுகிறார்கள்?

முன்பு ஆண்டுக்கு இரு முறை கழுவி வந்தார்கள். அண்மை ஆண்டுகளில் முஹர்ரம் 15 அன்று ஒரு முறை கழுவுகிறார்கள். ஹிஜ்ரி 1447-ல் அது 2025 ஜூலை 10 அன்று நடைபெற்றது. கிஸ்வா மாற்றுவது வேறு, கழுவுவது வேறு. கிஸ்வாவை முன்பு துல்ஹஜ் 9-ல் மாற்றினார்கள். 2022 முதல் முஹர்ரம் முதல் நாளில் மாற்றுகிறார்கள்.

கஃபாவின் வாசல் தரையிலிருந்து ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரத்தில் இருப்பதால் படி வைத்துத்தான் ஏற வேண்டும். சாவியைப் பரம்பரையாகக் காத்து வரும் பனூ ஷைபா குடும்பத்தார் கதவைத் திறக்கிறார்கள். உள்ளே மூன்று மரத்தூண்கள், பளிங்குத் தரை, மேலிருந்து தொங்கும் பழைய விளக்குகள்.  ஜம்ஜம் நீரில் பன்னீர் கலந்து தரையைக் கழுவித் துடைக்கிறார்கள். அதே நீரில் நனைத்த வெள்ளைத் துணிகளால் உட்சுவர்களைத் துடைத்து, ஊது முதலிய நறுமணங்களைப் பூசுகிறார்கள். மன்னரின் சார்பில் மக்கா மாகாணத்தின் ஆளுநரோ துணை ஆளுநரோ, பல நாட்டுத் தூதர்களோடு வந்து தம் கையாலேயே துடைக்கிறார்கள். நாட்டை ஆளுகிறவரின் கையிலும் அன்று துடைக்கும் துணிதான்!

இதன் வேர் எங்கே?

அல்லாஹு தஆலா சூரத்துல் பகராவின் 125-ஆம் வசனத்தில், தவாப் செய்வோருக்காகவும், இஃதிகாப் இருப்போருக்காகவும், ருகூவு, ஸுஜூது செய்வோருக்காகவும் தன் இல்லத்தைத் தூய்மையாக வைக்கும்படி இப்றாஹீம் (அலை), இஸ்மாயீல் (அலை) ஆகிய இரு நபிமார்களுக்குக் கட்டளையிட்டதைக் கூறுகிறான். சற்று நின்று யோசியுங்கள். அந்த இல்லத்தின் துப்புரவுப் பணி முதலில் யாரிடம் ஒப்படைக்கப்பட்டது? கூலியாளிடமா? இரண்டு நபிமார்களிடம் அல்லவா!

பின்னர் ஹிஜ்ரி 8-ல் (கி.பி. 630) மக்கா வெற்றியின்போது, கஃபாவைச் சுற்றி நின்ற 360 சிலைகளையும் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் அகற்றினார்கள். உள்ளே இருந்த உருவங்களை அகற்றும்வரை அவர்கள் நுழைய மறுத்துவிட்டார்கள். சுவரில் இருந்த உருவங்களைத் தண்ணீர் வரவழைத்து அவர்களே அழித்ததாக உஸாமா (ரலி) அவர்கள் வாயிலாக ஓர் அறிவிப்பும் வந்துள்ளது. சாவியை உஸ்மான் இப்னு தல்ஹா (ரலி) அவர்களிடமே திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு காலத்தில் அடிமையாய் இருந்த பிலால் (ரலி) அவர்களைக் கஃபாவின் மேல் ஏறிப் பாங்கு சொல்லச் செய்தார்கள். ஆக, ஷிர்க்கின் அழுக்கோடு குலப் பெருமையின் அழுக்கும் அன்று கழுவப்பட்டது.

ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். கஃபாவைக் கழுவுவது ஹஜ்ஜின் கிரியைகளில் ஒன்றல்ல. அதற்கென ஒரு நாளை மார்க்கம் குறிக்கவும் இல்லை. முஹர்ரம் 15 என்பது நிர்வாக ஏற்பாடே. ஆகவே அந்நாளில் நம்மூரில் புதிதாக ஒரு சடங்கை உண்டாக்கத் தேவையில்லை. நமக்கு உரியது அந்தப் பணியின் பாடம்.

நம் பக்கத்தில் நடந்த ஒன்று

சில ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியில் ஓர் ஊருக்குப் பயான் செய்யச் சென்றிருந்தோம். மஃரிபுக்குப் பாங்கு சொல்லியாகிவிட்டது. பட்டாசு ஆலையில் வேலை முடித்து ஒரு சகோதரர் நேரே பள்ளிக்கு வந்தார். ஹௌளில் ஒளூச் செய்தார். தேய்த்துக் கழுவியும் கையில் அலுமினியப் பவுடரின் வெள்ளிச் சாயல் போகவில்லை. ஸஃப்பில் நிற்க வந்தவரை ஒரு பெரியவர் தடுத்து, “என்னப்பா இது, இந்தக் கையோட உள்ளே வர்றே? பாயெல்லாம் கறையாயிடும். வெளியே நின்னு தொழு” என்றார். அந்தச் சகோதரர் தம் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நாமும் அங்கேதான் நின்றோம். இகாமத் சொல்லும் நேரம் என்று வாய் திறக்காமல் இருந்துவிட்டோம். அது நம் குற்றம். மறுநாள் அவரைத் தேடிப் போனபோது, “கை சுத்தமானதும் வர்றேன் ஹஜ்ரத். நாலு நாள் வேலைக்குப் போகாம இருந்தாத்தான் இது போகும். போகாம இருந்தா வீட்டுல உலை வைக்க முடியாது” என்றார். அந்தச் சொல் நம் நெஞ்சில் தைத்தது.

அழுக்கு வேறு, நஜீஸ் வேறு

சகோதரர்களே! கந்தகம், வெடியுப்பு, அலுமினியம் ஆகியவை மண்ணிலிருந்து கிடைக்கும் பொருள்கள். அவை நஜீஸ் அல்ல. அவை படிந்த உடையோடு தொழுதால் தொழுகை கூடும். அச்சாபீஸ் மையின் கறையும் அவ்வாறே. ஒளூவைப் பொறுத்தவரை ஷாபிஈ, ஹனபி ஆகிய இரு மத்ஹபிலும் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: தோலுக்கும் தண்ணீருக்கும் இடையில் ஏடாக ஒரு பொருள் தடுத்து நிற்கக் கூடாது. வெறும் நிறம் மட்டும் தங்கினால் ஒளூவுக்குக் குறைவில்லை. ஆனால் காய்ந்த பசை, கட்டியான மருந்துக் கலவை, பெயின்ட் போன்றவை ஒட்டியிருந்தால் அவற்றை நீக்கிவிட்டே ஒளூச் செய்ய வேண்டும். வீட்டில் குழாய் சுருட்டும், தீப்பெட்டி ஒட்டும் தாய்மார்கள் நகக்கண்ணையும் விரலிடுக்கையும் நன்கு கவனிப்பார்களாக.

உழைப்பவரின் உடம்பில் புழுதி இருப்பது புதிதல்ல. மதீனாவின் சுற்றுப்புறங்களிலிருந்து ஜும்ஆவுக்கு வந்தவர்கள் புழுதியும் வியர்வையுமாக வந்ததை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறியுள்ளார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களை வாசலில் நிறுத்தவில்லை. இந்த நாளுக்காகக் குளித்து வந்தால் நலமாயிருக்குமே என்று கனிவோடு சொன்னார்கள். பள்ளியிலேயே சிறுநீர் கழித்துவிட்ட கிராமத்து அரபியை ஸஹாபாக்கள் அதட்டியபோதும், அவரை விடச் சொல்லி, அந்த இடத்தில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றச் செய்தார்கள். அது நிச்சயமான நஜீஸ். அதற்கே ஒரு வாளித் தண்ணீர்தான் தீர்வு. மனிதரை விரட்டுவது தீர்வல்ல!

மஸ்ஜிதுந் நபவியைக் கூட்டிச் சுத்தம் செய்து வந்த கறுப்பினப் பெண்மணி ஒருவர் இறந்தபோது, சிறிய விஷயமென்று எண்ணி ஸஹாபாக்கள் நாயகத்துக்குத் தெரிவிக்காமல் அடக்கிவிட்டார்கள். நபியவர்கள் அவரைக் காணாமல் விசாரித்து, கப்று இருக்கும் இடத்தைக் கேட்டுச் சென்று, அவருக்காகத் தொழுதார்கள். துடைப்பம் பிடித்த கைக்கு அல்லாஹ்வின் தூதர் கொடுத்த மதிப்பு அது. நாம் நம் மோதினாருக்கு என்ன மதிப்புக் கொடுக்கிறோம்?

நாம் செய்ய வேண்டியவை

ஷஃபான் மாதக் கடைசியில் ரமளானுக்காகப் பள்ளியைக் கழுவும்போது கூலியாளை மட்டும் நம்பாமல், வீட்டுக்கு ஒருவர் வரட்டும். முத்தவல்லியும் செல்வந்தரும் முதலில் துடைப்பம் எடுக்கட்டும். மினாராவுக்கு வெள்ளையடிக்கும் முன் கழிப்பிடத்தைக் கழுவுவோம்.

நம் பகுதி தண்ணீருக்குத் தவிக்கும் பகுதி. நாயகம் (ஸல்) அவர்கள் ஒளூவை ஒரு முத்து அளவு நீரில், அதாவது இரு கை கொள்ளும் அளவு நீரில் முடித்துக்கொண்டவர்கள். கஃபாவின் உட்சுவரையே நனைத்த துணியால்தான் துடைக்கிறார்கள். ஆகவே கூட்டிப் பெருக்கி, ஈரத் துணியால் துடைத்த பின், தேவையான இடத்தில் மட்டும் தண்ணீர் ஊற்றுவோம்.

ஹௌளின் ஓரத்தில் சோப்பும், தேய்க்கும் கல்லும், பீர்க்கங்கூடும், துடைக்க ஒரு துணியும் எப்போதும் இருக்கட்டும். வேலை முடித்து வருகிறவருக்கு அதுவே நல்ல வரவேற்பு.

மேலே சொன்ன ஊரில் அடுத்த ஜும்ஆவில் இந்தச் சட்டத்தை விளக்கினோம். கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பெரியவரே சோப்பும் கல்லும் வாங்கி வைத்தார். அந்தச் சகோதரரின் வீட்டுக்கும் போய் அழைத்தார். இருந்தும் அவர் பள்ளிக்குத் திரும்ப ஐந்து மாதம் ஆயிற்று. பாயில் பட்ட கறையை ஒரு வாளித் தண்ணீரில் கழுவலாம். மனதில் பட்ட காயம் ஆற எத்தனை நாள் ஆகிறது பாருங்கள்!

வல்ல நாயன் அல்லாஹ் அவனுடைய இல்லங்களைத் தூய்மையாக வைக்கும் பேற்றையும், அங்கு வருவோரை மதிக்கும் பண்பையும், பெருமை நீங்கிய உள்ளத்தையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.